சோம்பேறி நின்ற இடம்

மூன்றாம் மாதம் பதினான்காம் நாள், வியாழக்கிழமை. விடியற்காலையிலேயே தெற்கிலிருந்து காற்று வீசத் தொடங்கிவிட்டது. வானத்தில் மேகம் இல்லை. கூரை விளிம்புகளில் குளிர்காலம் முழுவதும் தொங்கிய பனிக்கூர்கள் வெயிலில் கரைந்து, சொட்டுச்சொட்டாகத் தெருவில் விழுந்துகொண்டிருந்தன. வேறு எவருக்கும் இத்தகைய காலைப்பொழுது இன்பம் அளித்திருக்கும். எங்கள் வீட்டில் எவரும் சன்னலைத் திறக்கவில்லை. விரிகுடாவின் உறைந்த நீர்ப்பரப்பின் மீது எங்கள் பனிமா நின்றுகொண்டிருந்தது. அதை அங்கிருந்து கரைக்கு நடத்தி வரக்கூடிய கை இவ்வுலகில் இல்லாமற்போயிருந்தது.

எங்கள் நகரில் இரு வகை மக்கள் கலந்து வாழ்கிறோம். எங்களைப் போன்ற பேருருவினரை நெடியர் என்றும், எங்கள் முழங்கால் உயரமே உள்ள மற்றவர்களைக் குறியர் என்றும் அழைப்பது வழக்கம். துறைமுக அலுவலகத்திற்குப் பெரிதும் சிறிதுமாக இரண்டு வாயில்கள் உண்டு. கடைத்தெருவின் ஒவ்வொரு படியின் ஓரத்திலும் குறியர் ஏறுவதற்கெனச் சிறு படிகள் செதுக்கப்பட்டிருக்கும். விரிகுடா உறைந்தவுடன் நெடியர் அதன் பனியை நீண்ட அறுப்புவாள்களால் கட்டிகளாக அறுத்து, கரையிலுள்ள கிடங்குகளில் மரத்தூள் பரப்பி அடுக்குவோம். கோடையில் குறியர் அவற்றை மீன் கப்பல்களில் ஏற்றுவார்கள். நான் அறுப்புக் குழுவின் தலைவன். என் அக்காவின் கணவர் பாகன். அறுத்த கட்டிகளைச் சுமந்த பெருஞ்சறுக்கு வண்டியைப் பனிமாவைக் கொண்டு இழுப்பிப்பது அவருடைய தொழில்.

பனிமாவைக் கண்டிராதவர்க்கு அதன் அளவை விளக்குவது எளிதன்று. நெடியனாகிய நானே அதன் முன்னங்காலின் முட்டியைத் தொட வேண்டுமாயின் கையை உயர்த்த வேண்டும். அதன் வெண்மயிர் தரை வரை தொங்கும். நெற்றியில் பாறை போன்ற கொம்புத்தகடு ஒன்று உண்டு. புயல் வீசும்போது மூக்குத்துளைகள் தாமே மூடிக்கொள்ளும். அதன் கண்கள் சிறியவை, பார்வையும் மங்கலானது. ஆயினும் கண்களுக்குக் கீழே, இரு கன்னங்களிலும், மயிரில்லாத மெல்லிய தோற்பரப்பு ஒன்று அமைந்துள்ளது. உலகத்தை அது அறிவது பெரும்பாலும் அந்தத் தோலினால்தான். அதில் ஒருமுறை பட்ட கையை அது மறப்பதில்லை.

எங்கள் பனிமாவுக்குச் சோம்பேறி என்று பெயர். வடக்கிலிருந்து குட்டியாகக் கொண்டுவரப்பட்டபோது அது சிறிது தூரம் நடப்பதும், உடனே படுத்துக்கொள்வதுமாக இருந்தமையால் மச்சான் அவ்வாறு அழைத்தார். பின்னாளில் துறைமுகத்திலேயே அதைவிடக் கடுமையாக உழைத்த உயிர் வேறு இல்லை. பெயர் மட்டும் ஒட்டிக்கொண்டது.

பனிமாவைப் பழக்கும் முறை நெடியருக்கு மட்டுமே தெரிந்தது. அம்முறையில் சொற்களுக்கு இடமில்லை. புயலில் சொல் கேட்காது. பாகன் தன் இடது உள்ளங்கையைக் கன்னத்தில் வைத்தால் நிற்க வேண்டும். வலது உள்ளங்கையை வைத்தால் நடக்க வேண்டும். அவ்வளவே. ஆனால் நிற்பது என்றால் நிற்பதுதான். பனிமாவின் காலடியில் எந்நேரமும் மூன்று நான்கு பேர் குனிந்து சங்கிலி மாட்டிக்கொண்டிருப்பார்கள். அது தன் விருப்பத்திற்கு ஓரடி எடுத்து வைத்தால் அவர்கள் உயிருடன் நிமிரமாட்டார்கள். ஆகவே, பாகனின் வலது உள்ளங்கை தவிர வேறு எதற்கும் கால் பெயர்க்கலாகாது என்பதைக் குட்டிப் பருவத்திலேயே அதன் எலும்பில் ஏற்றிவிடுவது எங்கள் மரபு.

இதற்காகச் சோதனைகள் நடத்தப்படும். அவற்றில் பலவற்றில் நானும் பங்கேற்றிருக்கிறேன். ஒருநாள் மச்சான் தம் கையுறையை எனக்கு அணிவித்து, சோம்பேறியைத் திருட வந்தவனைப் போல அதன் கன்னத்தில் கை வைக்கச் சொன்னார்.

"பாவம் மச்சான், பசியோட நிக்குது" என்றேன்.

"நீ பேசாம திருடன் வேலையப் பாரு மாப்ளே. உன் மூஞ்சிக்கு நல்லாவே பொருந்துது" என்றார் அவர்.

நான் கை வைத்தேன், அது நகரவில்லை. உணவைக் காட்டினேன், நகரவில்லை. கோலால் குத்தினேன், நகரவில்லை. மற்றொரு நாள் அக்காவை எதிரில் நிற்கவைத்து அழச் சொன்னார். அக்கா முதலில் சிரித்துவிட்டு, பிறகு நன்றாகவே அழுதாள். அப்போதும் அது நகரவில்லை. ஒவ்வொரு சோதனையின் முடிவிலும் மச்சான் வந்து வலது கையை வைப்பார். அது துள்ளி நடக்கும். அவர் அதற்கு உப்புக்கட்டி கொடுப்பார். அன்று மாலை கொட்டகையில் அது எழுப்பும் ஆழ்ந்த முழக்கத்தில் எங்கள் அடுப்பங்கரைப் பாத்திரங்கள் அதிரும். வெற்றி பெற்றுவிட்டோம் என்பது அதற்குத் தெரியும்.

சென்ற மாத இறுதியில், கடுங்குளிர் நிலவிய ஒரு காலை, விரிகுடாவின் நடுவே சறுக்கு வண்டியின் ஒரு பக்கம் அறுத்த பிளவுக்குள் இறங்கிவிட்டது. மச்சான் சோம்பேறியின் கன்னத்தில் இடது கையை வைத்து நிறுத்திவிட்டு, சங்கிலியை விடுவிக்கக் குனிந்தார். வண்டி நழுவியது. இரண்டு பனிக்கட்டிகளுக்கு இடையே, நீருக்குள், அவருடைய வலது கை முழங்கைக்கு மேல் வரை சிக்கிக்கொண்டது.

"மாப்ளே, வாளை எடுத்துட்டு ஓடி வா" என்று கூவினார். நான் அருகில் சென்றதும், பல்லைக் கடித்துக்கொண்டு, "பாத்து அறு. பனியத்தான் அறுக்கணும், என்னைய இல்ல" என்றார்.

கட்டிகளை அறுத்து அவரை வெளியில் எடுப்பதற்குள் கை மரக்கட்டை போலாகிவிட்டது. சோம்பேறி எங்களுக்கு மேலே கோபுரம் போல அசையாது நின்றது. அது ஒரு கால் பெயர்த்திருந்தால் மச்சானும் நானும் அங்கேயே முடிந்திருப்போம். அன்று அது நின்றதனால்தான் அவர் பிழைத்தார். இதையும் நான் எழுதியாக வேண்டும்.

குறியரின் மருத்துவமனையில் நெடியரைக் கிடத்தும் கட்டில் இல்லை. எனவே, பாய்மரத் துணி தைக்கும் கூடத்தில், துணிப்பொதிகளைப் பரப்பி அவரைப் படுக்கவைத்தோம். மருத்துவர் குறியர் இனத்தவர்; நடுத்தர வயதுப் பெண்மணி. தையற்காரர்களின் முக்காலி மீது ஏறி நின்று கையைச் சோதித்தார். விரல்கள் கறுத்திருந்தன. காய்ச்சல் ஏறிக்கொண்டேயிருந்தது. மறுநாள் மருத்துவர் அக்காவைக் கூடத்தின் ஓரத்திற்கு அழைத்தார்.

"சுத்தி வளைக்காம சொல்லிடறேன்மா. கைய எடுத்தா ஆள் இருப்பாரு. கைய விட்டா ஆள் போயிடுவாரு."

"ஆள் இருக்கட்டும் டாக்டர்" என்றாள் அக்கா.

குறியரின் கருவிகள் நெடியரின் எலும்புக்குப் போதா. எனவே, என் பட்டறையிலிருந்த வாள்களுள் மிகச் சிறியதை நான் கொதிநீரில் இட்டுக் கொண்டுவந்து கொடுத்தேன்.

அந்நாட்களில் நானும் குழுவினரும் விரிகுடாவுக்குச் சென்று, சோம்பேறிக்கு உலர்ந்த பாசியைக் கட்டுக்கட்டாகப் போட்டுவந்தோம். வண்டியிலிருந்து அதை அவிழ்த்துவிட்டோம். பனித்தளம் என் உயரத்திற்குத் தடித்திருந்தது. கோடை தொலைவில் இருந்தது. பாகன் எழுந்து வந்து அழைத்துச் செல்வார் என்று எல்லோரும் எளிதாக எண்ணினோம். பாகனின் கையையும் பனிமாவின் காலையும் சேர்த்து நினைத்துப்பார்க்க ஒருவருக்கும் தோன்றவில்லை. ஒரு குடும்பத்தில் ஒருவர் உயிருக்குப் போராடும்போது கை என்பது கை மட்டுமே.

காய்ச்சல் தணிந்து அவர் கண் விழித்தபோது நான் அருகில் இருந்தேன். அக்கா கஞ்சிக் கலயத்தைக் கழுவிக்கொண்டிருந்தாள்.

"சோம்பேறிக்கு யாரு தீனி வைக்கிறா?" என்பதே அவருடைய முதற் கேள்வி.

"கட்டின பொண்டாட்டி பத்து நாளா கண்ணு மூடாம கெடக்கேன். அவளக் கேக்க மாட்டாரு, அதத்தான் கேப்பாரு" என்றாள் அக்கா. ஆனால் அவள் குரலில் மகிழ்ச்சி இருந்தது.

"நான்தான் வைக்கிறேன் மச்சான்" என்றேன். "நீங்க வெச்சதவிட நல்லா சாப்பிடுது."

"கொட்டகையிலதானே?"

"எங்க மச்சான், நீங்க நில்லுன்னீங்க, நின்னுட்டிருக்கு. எழுந்து வந்து நீங்கதான் கூப்பிடணும்."

அவர் எழ முயன்றார். வலப்புறம் ஊன்றுவதற்கு ஒன்றும் இல்லாமையால் சாய்ந்து விழுந்தார். பிறகு போர்வையை விலக்கிக் கட்டினைப் பார்த்தார். நெடுநேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தார். எனக்கு அப்போதுதான் விளங்கியது. அக்காவின் கையிலிருந்த கலயம் தரையில் வைக்கப்பட்ட ஓசையிலிருந்து, அவளுக்கும் அப்போதுதான் விளங்கியது என்று அறிந்தேன்.

மருத்துவர் வந்ததும் அவர் கேட்டார்: "எடுக்கிறதுதான் எடுத்தீங்க, இடது கைய எடுத்திருக்கக் கூடாதா டாக்டர்?"

"அடிபட்ட கையத்தான் எடுப்போம் ஐயா."

"அதுவும் சரிதான். எடுத்த கை எங்க இருக்கு?"

மருத்துவர் தயங்கினார். "கெட்டுப்போன சதை. அத வெச்சிருக்க முடியாது. அன்னைக்கே கொதிகலன் அடுப்புல போட்டாச்சு."

மச்சான் சிரித்தார். கூடத்தின் மறுகோடியில் தைத்துக்கொண்டிருந்த பெண்கள் திரும்பிப் பார்த்தனர். "பரவாயில்ல, நாலு பேரு குளிர் காஞ்சிருப்பாங்க" என்றார். அக்கா அவர் வாயைப் பொத்தினாள். அவள் விரல்களுக்கிடையே அவர் அழுதுகொண்டிருந்தார்.

தெற்குக் காற்று வீசிய அந்த வியாழக்கிழமை, எவரையும் கேளாமல் அவர் எழுந்துவிட்டார். தைப்பவர்கள் பொதிகளுக்கிடையே ஒதுங்கி வழிவிட்டார்கள். அக்கா அவருடைய மேலங்கியின் வெற்றுக் கையை மடித்து ஊசியால் குத்திவிட்டு, மறுபுறம் தாங்கி நடத்தினாள். கடைத்தெருவில் நீர் ஓடிக்கொண்டிருந்தது. குறியர் குடும்பங்கள் மெத்தைகளை வெயிலில் போட்டுத் தட்டிக்கொண்டிருந்தன. கண்ணாடிக் கடைக்காரர் ஏணி மீது நின்று தம் பெயர்ப்பலகையைத் துடைத்துக்கொண்டே, "நல்ல வெயில், இல்லையா?" என்றார். பிறகு வருபவர் யார் என்பதைக் கண்டு, ஏணியிலிருந்து இறங்கித் தலைகுனிந்து நின்றார்.

துறைமுக அலுவலகத்தின் சிறிய சன்னலில் துறை அதிகாரி காத்திருந்தார். அவர் குறியர், நல்ல மனிதர்.

"பாகனய்யா, பனி உள்ளுக்குள்ளயே இளகி அழுகத் தொடங்கிடுச்சு. மத்தியானத்துக்கு மேல நான் யாரையும் கீழ விட முடியாது. என்னைய மன்னிக்கணும்."

"மத்தியானம் வரைக்கும் விடுவீங்கல்ல" என்றார் மச்சான்.

விரிகுடாவின் மேற்பரப்பு சாம்பல் நிறமாக மாறியிருந்தது. ஆங்காங்கே கணுக்கால் அளவு நீர் தேங்கியிருந்தது. சோம்பேறி, நிறுத்திய இடத்திலேயே, நிறுத்திய திசையை நோக்கியே நின்றது. அதன் நான்கு கால்களும் பனியில் சிறு பள்ளங்களை உண்டாக்கியிருந்தன. மச்சானின் நடையைக் காலடியின் அதிர்விலேயே அறிந்துகொண்டு, அது முழங்கத் தொடங்கியது. தலையைத் தாழ்த்தித் தாழ்த்தி, அவர் எட்டும்படி கன்னத்தை நீட்டியது. வாலை ஆட்டியதில் பின்னால் நின்ற அறுப்பாளன் ஒருவனின் தொப்பி பறந்தது. அங்கிருந்தோர் அந்த ஒரு கணம் சிரித்தார்கள். எல்லாம் சரியாகிவிடும் என்று நானும் அந்த ஒரு கணம் நம்பினேன்.

மச்சான் தம் இடது கையை முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டார். கட்டுப் போட்ட குறைக்கையைக் கன்னத்தில் வைத்தார். சோம்பேறி அதை முகர்ந்தது. மருந்தின் நெடியில் அதன் மூக்குத்துளைகள் மூடிக்கொண்டு பிறகு திறந்தன. அது காத்திருந்தது. அவருடைய முகத்தில் முகத்தை உரசியது. அவரை அது நன்றாக அறிந்திருந்தது. ஆனால் கால் பெயர்க்கவில்லை.

"மாப்ளே, உன் கைய வை" என்றார்.

நான் என் வலது உள்ளங்கையை வைத்தேன். அந்தச் சிறிய கண் என் பக்கம் திரும்பியது. கையுறை அணிந்து திருடனாக வந்தவனை அது மறந்திருக்கவில்லை. நான்கு கால்களையும் முன்னிலும் அகலமாக ஊன்றிக்கொண்டது.

உப்புக்கட்டியை எட்டாத தூரத்தில் வைத்துப் பார்த்தோம். பெயர் சொல்லி அழைத்தோம். கொட்டகையிலிருந்து அதன் படுக்கைத் துணியைக் கொண்டுவந்து விரித்தோம். மச்சான் அதன் எதிரே நடந்து காட்டினார். திரும்பிப் பாராமல் கரையை நோக்கிச் சென்றும் பார்த்தார். அது அவர் முதுகையே பார்த்துக்கொண்டு நின்றது. இறுதியில், என் அறுப்பாளர்களின் கண் முன்னாலேயே, அவர் அதன் முன் மண்டியிட்டார்.

"வாடா. என் செல்லமே, வாடா. ஓரடி வை. அப்புறம் நில்லு, உன்ன யாரு கேக்கப் போறா."

சோம்பேறியின் முழக்கம் பெரிதாயிற்று. அப்போது மச்சானின் முகம் மாறியதை நான் கண்டேன். அவர் மெல்ல எழுந்தார்.

"என்ன மச்சான்?"

"இது பரீட்சைன்னு நெனைக்குது மாப்ளே" என்றார். "நாம செய்யிறது எல்லாமே நான் சொல்லிக் கொடுத்ததுதான். கெஞ்சக் கெஞ்ச, நல்லா நிக்கிறோம்னு அதுக்குச் சந்தோஷம். பாரு, எப்படி நிக்குதுன்னு."

அக்கா முன்னால் வந்தாள். அதன் முன்னங்காலின் மயிரைப் பற்றிக்கொண்டு தேம்பித் தேம்பி அழுதாள். சிறிது நேரத்திற்குப் பின் முகத்தைத் துடைத்துக்கொண்டு எங்களிடம் திரும்பி, "அன்னைக்கு நடிச்சேன். இன்னைக்கு நடிக்கல. அதுக்கு எப்படித் தெரியும்?" என்றாள்.

வடத்தைக் கட்டி இழுப்பதென்று முடிவாயிற்று. துறைமுகத்திலிருந்த நெடியர் அனைவரும் வந்தோம். முதல் இழுப்பிலேயே சோம்பேறி தன் நகங்களைப் பனிக்குள் இறக்கியது. தளத்தின் அடியிலிருந்து, பெருங்கதவு ஒன்று திறப்பது போன்ற ஓசை எழுந்தது. இழுத்தவர்கள் எல்லோரும் அசையாமல் நின்றுவிட்டார்கள். மச்சான் வடத்தைக் கீழே போடச் சொன்னார்.

அதன் பின்னரே நான் என் தொழிலுக்கு உரிய வழி ஒன்றைக் கூறினேன். அது நகர மறுத்தால், அது நிற்கும் இடத்தையே நகர்த்த வேண்டும். சுற்றிலும் அகலமாகப் பனியை அறுத்து, அந்தத் துண்டினைத் தெப்பமாக்கி, கரையோரத்து ஆழமில்லாப் பகுதிக்கு நீராவிப் படகால் இழுத்துச் செல்லலாம். அங்கே தெப்பம் உடைந்தாலும் அதன் தலை நீருக்கு மேல் இருக்கும். பனிமாவுக்கு நீந்தத் தெரியாது. நடு விரிகுடாவின் ஆழத்தில் விழுந்தால் அதன் மயிர் முழுவதும் நீரைக் குடித்து அதைக் கீழே இழுத்துவிடும்.

"தாங்குமா?" என்றார் மச்சான்.

"போன மாசமா இருந்தா கண்ண மூடிக்கிட்டு தாங்கும்பேன்."

"இந்த மாசத்துக்குச் சொல்லு."

"தெரியல மச்சான்."

"பொய் சொல்லவாவது கத்துக்கோயேண்டா" என்றார். பிறகு தம் தோளால் என் தோளை இடித்து, "அறு" என்றார்.

துறை அதிகாரி தம் கெடுவைத் தாமே தளர்த்தினார். இளகிய பனியை உடைத்து வழி செய்ய, கரையோரத்து நீரில் நீராவிப் படகும் தயாராக நின்றது. நாங்கள் பன்னிரண்டு பேர் இருவர் இருவராக வாள்களைப் பிடித்தோம். நல்ல பனியை அறுக்கும்போது வாள் பாடும். அதன் ஓசையைக் கேட்டே தடிமனைச் சொல்லிவிடுவேன். அன்று வாள் பாடவில்லை. ஈரமான சோற்றில் இறங்குவது போல ஓசையின்றி இறங்கியது. வேலை விரைவாக நடக்கிறது என்று இளையவர்கள் மகிழ்ந்தார்கள். கடற்பக்கம் முடிந்தது. வடபக்கம் முடிந்தது. சோம்பேறி தலையைத் திருப்பித் திருப்பி எங்கள் வேலையைக் கவனித்தது. இத்தகைய சோதனையை அது இதற்கு முன் கண்டதில்லை.

தென்பக்கத்தில் பாதி அறுத்திருப்போம். என் வாளுக்கு முன்னால், நான் அறுக்காத பனியில், கறுத்த கோடு ஒன்று தோன்றியது. அது நான் குறித்திருந்த வழியே செல்லவில்லை. வளைந்து, உள்நோக்கி ஓடி, சோம்பேறியின் வயிற்றுக்குக் கீழே நுழைந்து, மறுபுறம் வெளியே வந்தது. வாளைப் பற்றியிருந்த கைகளைத் தளர்த்தினேன். வாள் பிளவினுள் நழுவி மறைந்தது.

அதிகாரியின் ஊதல் ஒலித்தது. அறுப்பாளர்கள் கருவிகளைப் போட்டுவிட்டுக் கரைக்கு ஓடினார்கள். தெப்பமாக வேண்டிய துண்டு மெல்லச் சாய்ந்தது. அதன் தாழ்ந்த ஓரத்தில் நீர் ஏறி, சோம்பேறியின் பின்னங்கால்களைச் சூழ்ந்தது.

மச்சான் அதன் பக்கம் நடந்தார். அவரைத் தடுக்க அக்கா முயலவில்லை. நெடிய கயிறொன்றை எடுத்து அவர் இடுப்பில் இறுகக் கட்டினாள். முடிச்சை இரண்டு முறை இழுத்துப் பார்த்தாள்.

"போயிட்டு வாங்க. கயிறு என்கிட்டதான் இருக்கு" என்றாள். "உங்களையும் சேத்துக் கொடுக்க நான் வரல."

நானும் அவளும் தடித்த பனி இருந்த இடத்தில் கால்களை ஊன்றிக் கயிற்றைப் பிடித்துக்கொண்டோம்.

நீர் அதன் வயிற்று மயிரை நனைத்தபோது சோம்பேறி முதன்முறையாக நடுங்கியது. ஒரு முன்னங்கால் பள்ளத்திலிருந்து சற்றே எழுந்தது. கயிற்றைப் பிடித்திருந்த என் கைகள் இறுகின. பிளவு அப்போது ஓரடி அகலமே இருந்தது. மறுபுறத்துப் பனி தடித்தது. அது பாய்ந்திருந்தால் கரை சேர்ந்திருக்கலாம். ஆனால் அது தன் பிழையை உணர்ந்தது போல, அந்தக் காலை அதே பள்ளத்தில் மீண்டும் ஒழுங்காக வைத்துக்கொண்டது. பிறகு மச்சானைப் பார்த்தது. பிளவு நாங்கள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே அகன்று, ஒரு தெருவின் அகலமாயிற்று.

அவர் அதன் முன்னே இடுப்பளவு நீரில் நின்றார். அதன் மூச்சு விட்டுவிட்டு வந்தது. கண் அங்குமிங்கும் ஓடியது. அது பயந்திருந்தது. அதுவரை நாள் முழுவதும் முதுகுக்குப் பின்னால் வைத்திருந்த இடது கையை அவர் வெளியே எடுத்தார். அந்தக் கைக்கு என்ன பொருள் என்பதை அவரைக் காட்டிலும் நன்கு அறிந்தவர் எவருமில்லை. அவரிடம் மீதியிருந்தது அது ஒன்றே. உள்ளங்கையை விரித்து அதன் கன்னத்தில் வைத்தார்.

சோம்பேறியின் நடுக்கம் நின்றது.

"நல்லா நிக்கிற" என்று அவர் சொல்வது எங்களுக்குக் கேட்டது. "உன்ன மாதிரி யாரும் நின்னதில்லடா. நல்லா நிக்கிற."

துண்டு கவிழவில்லை, அடியில் நொறுங்கி, அவர்களோடு நேராகக் கீழே இறங்கியது. வெண்மயிர் நீர்ப்பரப்பில் பெரிய வட்டமாக விரிந்தது. கொம்புத்தகடு சிறிது நேரம் தெரிந்தது. பிறகு அதுவும் தெரியவில்லை. நானும் அக்காவும் கயிற்றை இழுத்தோம். உள்ளங்கை உரிந்தது, இழுத்தோம். மச்சான் பனியின் விளிம்பில் மோதி மேலே வந்தார். உயிர் இருந்தது. இடது கை இன்னும் விரிந்தபடியே இருந்தது. மடக்க முயன்றும் மடங்கவில்லை. அக்கா தன் மேலங்கியைக் கழற்றி அவரைப் போர்த்தினாள். அவர் எங்களை அடையாளம் கண்டுகொண்டதாகத் தெரியவில்லை.

கரையில் நெடியரும் குறியரும் கூடி நின்றார்கள். நீரில் குமிழிகள் வந்துகொண்டிருந்தன. அவை நின்ற பிறகு துறை அதிகாரி தம் தொப்பியைக் கழற்றினார். அலுவலகத்து மணிக்கூண்டை அண்ணாந்து பார்த்தார். அப்போது பிற்பகல் மூன்று மணி பதினேழு நிமிடம்.